குவார்ட்டர்பேக்கை எடைபோடும் அறை

அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் வீரர் தேர்வுப் பிரிவில், ஸ்கவுட்டுகள் எனப்படும் திறமை தேடுவோர் ஊர் ஊராகச் சென்று எழுதி அனுப்பும் அறிக்கைகளைத் தொகுத்து, அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும், ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டுக்கு முன்பாகப் பொது மேலாளரின் மேசையில் சேர்ப்பது என் வேலை. 32 அணிகள், 7 சுற்றுகள், முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் தேர்வு என்பது அந்த ஏற்பாடு. மற்ற இடங்களில் ஆடுகிறவர்களைப் பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் உயரம், எடை, வேகம், காயம் என்பதோடு நின்றுவிடும். குவார்ட்டர்பேக் என்று வந்துவிட்டால் மட்டும் ஸ்கவுட் முதல் அணி உரிமையாளர் வரை எல்லோரும் மனநல நிபுணர்களாகிவிடுகிறார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் வந்து சேர்வது அவர் கைக்குத்தான். எதிரணியினர் தன்மேல் பாய்ந்து வரும் மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவரும் அவர்தான் என்பதால், கையின் வலுவைவிட ஆளின் தன்மையை அறியத் துடிக்கிறார்கள். அந்தத் துடிப்பில் நியாயம் உண்டு. அதை நிறைவேற்றிக்கொள்ள நாங்கள் கையாளும் வழிகளில்தான் எனக்குச் சந்தேகம் வளர்ந்துகொண்டே வருகிறது.

தலைமைப் பண்பு உள்ளவர், பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவர், நெருக்கடியில் நிதானம் இழக்காதவர் என்றெல்லாம் எழுதப்படாத ஒரு குவார்ட்டர்பேக்கை நான் இதுவரை காகிதத்தில் சந்தித்ததில்லை. இந்த வரிகள் பெரும்பாலும் கல்லூரிப் பயிற்சியாளரின் வாயிலிருந்து வருகின்றன. தன் மாணவர் முதல் சுற்றில் தேர்வாவது அவருக்கும் நல்லது; அடுத்த ஆண்டு பள்ளி வீரர்களைத் தம் கல்லூரிக்கு இழுக்க அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. ஆகவே, எந்தக் குணத்தை எழுதினாலும் அதற்கு ஆதாரமாக ஒரு நிகழ்ச்சியையும் அதை நேரில் கண்டவரையும் சேர்த்து எழுதும்படி ஸ்கவுட்டுகளிடம் கேட்டுக்கொள்கிறேன். சொன்னவர் யார் என்பதையும் பார்க்கிறேன். உபகரண அறைப் பொறுப்பாளர், காயங்களுக்குக் கட்டுப்போடுகிறவர், படிப்பு ஆலோசகர், எல்லாரையும்விட முக்கியமாக, அந்த வீரரால் மைதானத்தில் இறங்க வாய்ப்பில்லாமல் போன மாற்று குவார்ட்டர்பேக் ஆகியோர் தயங்கித் தயங்கிச் சொல்லும் ஒரு வரி, பயிற்சியாளரின் ஒரு பக்கப் பாராட்டைவிடக் கனமானது.

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் கம்பைன் என்னும் சோதனை முகாமில், தேர்ந்தெடுத்த வீரர்களோடு ஒவ்வோர் அணியும் தலைக்கு 18 நிமிடம் பேசலாம். அதற்குள் பயிற்சியாளர் பலகையில் இரண்டு மூன்று நகர்வுகளை வரைந்து விளக்குவார். பிறகு அழித்துவிட்டு, குடும்பம், ஊர் என்று பேச்சை மாற்றுவார். சற்று நேரம் கழித்து எழுதுகோலை வீரரிடம் கொடுத்து அதையே மறுபடி வரையச் சொல்வார். நினைவாற்றலைச் சோதிப்பதாகத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். எனக்குப் பயன்படுவது நினைவு தவறும் இடம்தான்: அங்கே அவர் துணிந்து எதையாவது கிறுக்குகிறாரா, அல்லது நின்று, இந்தப் பக்கத்து ஓட்டப் பாதையை மட்டும் மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கிறாரா என்று பார்ப்பேன்.

இன்னொரு வழக்கம், வீரர் எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்ட மோசமான இன்டர்செப்ஷன் ஒன்றைத் திரையில் ஓடவிட்டு விளக்கம் கேட்பது. அடுத்தடுத்து வந்த இருவர் நினைவில் நிற்கிறார்கள். முதலாமவர், தவறு என்னுடையது, பொறுப்பும் என்னுடையதே என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டு அமைதியானார். அடுத்தவர் காணொளி ஓடத் தொடங்குமுன்பே, அந்தப் பக்கத்து சேஃப்டி (எதிரணியின் பின்வரிசைக் காவலர்) முந்தைய முறை நின்றதைவிட இரண்டு கெஜம் பின்னால் நின்றிருந்தார், அதைப் பார்த்தும் நான் எறிந்தேன் என்றார். கூடவே, பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் சற்று முன்னதாகவே திரும்பிவிட்டார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அறையில் இருந்தவர்களில் பலருக்கு முதலாமவரைத்தான் பிடித்திருந்தது. இரண்டாமவர் சக வீரரைக் காட்டிக்கொடுப்பதாக ஒருவர் குறிப்பெழுதினார். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும்படி ஏஜென்டுகள் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து அனுப்புகிறார்கள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்தப் பணிவு வேலை செய்கிறது. சேஃப்டி நின்ற இடத்தை ஒத்திகை பார்த்துவிட்டு வர முடியாது என்பது என் வாதம்.

தேர்வுத் தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்ட வொண்டர்லிக் அறிவுத்திறன் தேர்வை, எங்கள் தொழில்முறை லீக்கான என்எப்எல் 2022இல் கைவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு சி.ஜே. ஸ்ட்ரவுட் என்ற குவார்ட்டர்பேக் இன்னொரு அறிவுத்திறன் சோதனையில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றதாகச் செய்தி கசிந்தது. ஹூஸ்டன் அணி அவரை இரண்டாவது இடத்தில் எடுத்தது, அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

எங்கள் தொழிலில் எல்லோரும் எடுத்துக்காட்டும் பாடம் 1998ஆம் ஆண்டு டிராஃப்ட். குவார்ட்டர்பேக்குகளான பேட்டன் மானிங் முதலிடத்தில் இண்டியானாபொலிஸுக்கும், ரையன் லீஃப் இரண்டாமிடத்தில் சான் டியாகோவுக்கும் போனார்கள். மானிங் பெரும் புகழ் பெற்றார், லீஃப் சில ஆண்டுகளிலேயே ஆட்டத்தைவிட்டு மறைந்தார். இன்று அதைச் சொல்லும்போது ஒருவர் உழைப்பாளி, மற்றவர் முரடர் என்று வெகு எளிதாகப் பிரித்துவிடுகிறோம். ஆனால் மானிங் தம் முதல் பருவத்தில் 28 இன்டர்செப்ஷன்கள் எறிந்தார்; புதுமுகம் ஒருவருக்கு அது சாதனை அளவு. அவருடைய அணி 3 ஆட்டங்களில் வென்று 13இல் தோற்றது. லீஃப் தம் மூன்றாவது ஆட்டத்தில், கான்சஸ் சிட்டியில், எறிந்த 15 பந்துகளில் ஒன்றே ஒன்றுதான் சேர்ந்தது. மறுநாள் உடைமாற்றும் அறையில் செய்தியாளர் ஒருவரைப் பார்த்து அவர் கத்தியது தொலைக்காட்சியில் நாடெங்கும் ஓடியது. இருவருமே முதல் ஆண்டில் மோசமாகத்தான் ஆடினார்கள். மோசமான நாளுக்கு மறுநாள் இருவரும் என்ன செய்தார்கள் என்பதில்தான் பாதை பிரிந்தது. நான் கல்லூரிக் காணொளிகளைப் பார்க்கும்போது இன்டர்செப்ஷனை வேகமாகக் கடந்துவிட்டு, அதற்கு அடுத்து குவார்ட்டர்பேக் களமிறங்கும் முதல் நான்கு நகர்வுகளை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்கு இதுவே காரணம். பயந்து குறுகிய எறிதல்களுக்குள் ஒதுங்குகிறாரா, பழிவாங்குவதுபோல நீண்ட பந்தாக எறிகிறாரா, அல்லது முன்பு ஆடியதுபோலவே ஆடுகிறாரா? 2000ஆம் ஆண்டில் 199ஆவதாக எடுக்கப்பட்டு, பின்னாளில் எல்லாரையும் மிஞ்சிய குவார்ட்டர்பேக்கான டாம் பிரேடியைப் பற்றி யாருக்குமே தெரிந்திருக்க முடியாது என்கிறார்கள். அந்த ஜனவரியில் அலபாமாவுக்கு எதிரான ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் இருமுறை 14 புள்ளிகள் பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 35க்கு 34 என்று அவருடைய கல்லூரியான மிச்சிகன் வென்றதே, அந்தக் காணொளி எல்லா அணிகளிடமும் இருந்தது.

குணம் பார்க்கிறோம் என்ற பெயரில் வேறு எதையோ பார்த்த வரலாறும் எங்கள் தொழிலுக்கு உண்டு. 1978இல் ரோஸ் பவுல் என்னும் கல்லூரி ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை வெற்றிக்கு இட்டுச்சென்ற குவார்ட்டர்பேக் வாரன் மூனை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்பினத்தவர் ஒருவர் குவார்ட்டர்பேக்காக அணியை நடத்த முடியும் என்று நம்பாத காலம் அது. அவர் கனடாவுக்குச் சென்று எட்மன்டன் அணியோடு அந்நாட்டு லீக்கின் கிரே கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றார். பிறகு என்எப்எல்லுக்கு வந்து, 2006இல் புகழ்மன்றத்தில் சேர்ந்த முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் ஆனார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2018இல், கறுப்பினக் குவார்ட்டர்பேக்கான லமார் ஜாக்சன் ரிசீவராக மாற வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர் பில் போலியன். லீஃபை விட்டு மானிங்கைத் தேர்ந்தெடுத்த அதே மேலாளர். கூர்மையான கண்ணும் எல்லா இடத்திலும் கூர்மையாக இருப்பதில்லை. ஜாக்சன் 32ஆவதாகப் போய், மறு ஆண்டே ஒருமனதாக ஆண்டின் மதிப்புமிக்க வீரரானார்.

அந்த 2018ஆம் ஆண்டு முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். ஏழாவது இடத்தில் பஃபலோ எடுத்த ஜோஷ் ஆலன் வயோமிங் கல்லூரியில் எறிந்தவற்றில் 56.2 சதவீதமே உரியவர் கையில் சேர்ந்திருந்தது. முதல் பருவத்தில் அது 52.8க்கு இறங்கியது. பஃபலோ பயிற்சியாளரை மாற்றவில்லை, எறியும் முறையைத் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்தது, 2020இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற தேர்ந்த ரிசீவரை விலைகொடுத்து வாங்கியது. அந்தப் பருவத்தில் ஆலனின் அளவு 69.2 சதவீதம். பத்தாவது இடத்தில் போன ஜோஷ் ரோசனுக்கோ, எதற்கும் ஏன் என்று கேட்கிறவர் என்பதே குறையாகச் சொல்லப்பட்டது. அரிசோனாவில் பருவத்தின் நடுவிலேயே அவருடைய தாக்குதல் பயிற்சியாளர் நீக்கப்பட்டார், பருவம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளரும் நீக்கப்பட்டார், அடுத்த ஏப்ரலில் அதே அணி கைலர் மர்ரேயை முதலிடத்தில் எடுத்து ரோசனை மயாமிக்கு அனுப்பிவிட்டது. அவர் கேட்ட கேள்விகள் உண்மையிலேயே குறையா என்பதை யாரும் கண்டறிய நேரமே கிடைக்கவில்லை. ஆனால் குணம் சரியில்லை என்ற வரி மட்டும் மெய்யாகிவிட்டதுபோல இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மூன்றாவதாகப் போன சாம் டார்னால்ட், நியூயார்க் ஜெட்ஸ் கைவிட்ட பிறகு நான்காவது அணியான மினசோட்டாவில் 2024இல் 14 ஆட்டங்களை வென்றார். எந்தக் குணம் அவருக்கு 2018இல் இல்லாமல் 2024இல் முளைத்தது என்று கேட்டால், பழைய அறிக்கைகளில் பதில் கிடையாது.

இதனால் சில காலமாக ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கின் கோப்பிலும் கடைசியாக ஒரு பக்கம் சேர்க்கிறேன். அவரை எடுத்தால் மூன்று ஆண்டுகளுக்கு அவருக்குப் பாடம் நடத்தப்போகும் பயிற்சியாளர் யார், அந்தப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, முன்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களில் எத்தனை பேர் நிலையாக இருக்கிறார்கள், தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் தோற்றால் அவரை உட்காரவைக்கச் சொல்லி முதலில் குரல் கொடுக்கப்போவது யார் என்பன அதில் உள்ள கேள்விகள். கூட்டத்தில் வீரரின் தாய் தந்தை, காதலி, பள்ளிக்கூடச் சண்டை வரை ஒரு மணி நேரம் அலசுகிறவர்கள் அந்தப் பக்கம் வந்ததும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அதில் எடைபோடப்படுகிறவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள். போன கூட்டத்தில் அதைக் கோப்பின் முன்பக்கத்துக்கு மாற்றலாமா என்று கேட்டேன். பொது மேலாளர் ஆகட்டும் பார்க்கலாம் என்றார், தாக்குதல் பயிற்சியாளர் தம் ஒப்பந்தத் தேதியை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.