அந்த அறையையும் பட்டியலில் சேர்த்தேன்

சார்ட்டர் என்ற தனி நிர்வாகப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்க எண்ணும் வகுப்பறைகளின் பட்டியலில் அந்த அறையைச் சேர்த்தது சட்டப்படி சரிதான். மேலதிகாரி பார்த்தார், எங்கள் பள்ளி மாவட்டத்தின் வழக்கறிஞர் பார்த்தார், ஒரு கேள்வியும் வரவில்லை. நாளைக்கே மறுபடி அனுப்பினாலும் அப்படித்தான் செய்வேன். ஆனாலும் அங்கே பேசச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் ஆசிரியை கேட்டதும் அதற்கு நான் சொன்னதும் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

கலிபோர்னியாவில் பள்ளி மாவட்ட (ஒரு பகுதியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அலுவலகத்தில் கட்டடப் பிரிவில் இருப்பவர்களுக்கு நவம்பர் 1 என்றால் என்னவென்று தெரியும். அடுத்த கல்வியாண்டுக்கு இடம் தேவைப்படும் சார்ட்டர் பள்ளிகள் அதற்குள் எழுதிக் கேட்டுவிடவேண்டும். பிப்ரவரி 1-க்குள் எங்கள் முதல் பதில், ஏப்ரல் 1-க்குள் இறுதிப் பதில். 2000-ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 39-ஆம் முன்மொழிவு சொல்வது இதுதான்: மாவட்ட எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகள் 80 பேராவது ஒரு சார்ட்டரில் படிப்பார்கள் என்றால், நம் பள்ளிகளில் இருப்பதற்கு ஏறக்குறைய ஈடான இடத்தை அவர்களுக்கும் தரவேண்டும்.

ஊரில் யாராவது சார்ட்டர் என்றால் என்ன என்று கேட்டால், அரசு உதவிபெறும் பள்ளி மாதிரி என்று சொல்லிவைப்பேன். முழுக்கப் பொருந்தாது. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். பணம் பொதுப்பணம். நடத்துவது மட்டும் தனி நிர்வாகம்.

நான் போனது ஒரு தொடக்கப் பள்ளிக்கு. அந்தப் பக்கம் வீட்டு வாடகை ஏற ஏற இளம் குடும்பங்கள் வெளியேறிக்கொண்டிருந்தன, பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒவ்வோர் அறையாகப் பார்த்து, எது வகுப்பறை, எது அலுவல் அறை என்று குறிப்பது என் வேலை. கடைசி வரிசையில் இருந்த அறை 960 சதுர அடி, மாநிலம் ஒரு வகுப்பறைக்கு வைத்திருக்கும் அளவு. உள்ளே வகுப்பு எதுவும் இல்லை. பிறை வடிவ மேசை ஒன்று, அதைச் சுற்றிச் சின்ன நாற்காலிகள், சுவரில் ஏழு வயதுப் பிள்ளையின் முகம் தெரியும் உயரத்தில் ஒரு கண்ணாடி. நாக்கை எங்கே வைக்கவேண்டும் என்று பிள்ளைகள் பார்த்துப் பழகுவதற்கு. கண்ணாடியின் கீழ்ப்பாதி முழுக்க விரல் தடம்.

"இதையும் சேர்க்கப்போகிறீர்களா?" என்று அந்த ஆசிரியை கேட்டார்.

சேர்க்கவேண்டும் என்றேன். 2015-இல் மாநில உச்ச நீதிமன்றம் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்னபிறகு, இத்தனை பிள்ளைக்கு இத்தனை அறை என்று மாவட்டம் தானே ஒரு விகிதம் போட்டு அதை வைத்து சார்ட்டருக்கு இடம் ஒதுக்க முடியாது. இருக்கிற வகுப்பறைகளைத்தான் எண்ணவேண்டும். அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "வரப்போகிறவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "என்னிடம் வருகிறவர்களும்தான்."

அவ்வளவுதான் பேச்சு. கோபப்படவில்லை. அடுத்த பிள்ளை வாசலில் வந்து நின்றது, நான் வெளியே வந்துவிட்டேன்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மாநிலத்தில் பொதுப்பள்ளிப் பிள்ளைகளில் 10 பேருக்கு ஒருவருக்கு மேல் சார்ட்டரில் படிக்கிறார்கள். எங்கள் தெருவில் இருக்கும் தமிழ்ப் பெண் ஒருவர் தன் பையனை அப்படி ஒரு பள்ளியில்தான் சேர்த்திருக்கிறார். "அண்ணா, பழைய குடோன்ல பள்ளிக்கூடம் நடக்குது, ஓடி விளையாட மண்ணு கிடையாது. நாங்களும் இதே ஊருக்குத்தான வரி கட்டுறோம்?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது? பக்கத்துப் பள்ளி சரியில்லை என்று வருஷக்கணக்கில் முறையிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போனார். அந்தப் பையனுக்கு ஒரு நல்ல அறையும் மைதானமும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதே சமயம் இன்னொன்றையும் தினம் பார்க்கிறேன். இங்கே பணம் பிள்ளையின் வருகைப் பதிவோடு போகிறது. ஒரு வகுப்பில் மூன்று பிள்ளைகள் சார்ட்டருக்குப் போனால் மூன்று பேருக்கான பணம் போகும். ஆசிரியர் சம்பளமும் கூரை பழுதுபார்க்கும் செலவும் அப்படியே நிற்கும். 2019-இல் வந்த சட்டத் திருத்தத்தால், புதிய சார்ட்டருக்கு அனுமதி தருவதா என்று முடிவெடுக்கும்போது மாவட்டம் தன் நிதிநிலையையும் பார்க்கலாம். சார்ட்டருக்கு அறை ஒதுக்குவதில் அப்படி எதுவும் இல்லை. அறை இருந்தால் கணக்கில் வரும்.

1988-இல் சார்ட்டர் என்ற இந்த யோசனையை நாடு முழுக்கக் கொண்டுபோனவர் ஆல்பர்ட் ஷாங்கர், அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர். ஆசிரியர்களே புதுமுறைகளைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் என்று நினைத்தார். 1991-இல் மின்னசோட்டா சட்டம் போட்டது, அடுத்த வருஷமே கலிபோர்னியா. ஒரு சில வருஷத்திலேயே ஷாங்கர் அதை விமர்சிக்கத் தொடங்கிவிட்டார். இப்போது ஆசிரியர் சங்கமும் சார்ட்டர் பெற்றோரும் மாவட்ட வாரியக் கூட்டத்தில் எதிரெதிராக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும். 2023-இல் லாஸ் ஏஞ்சலஸ் வாரியம் பின்தங்கிய சில பள்ளிகளின் கட்டடங்களில் சார்ட்டரைச் சேர்த்து வைப்பதைத் தவிர்க்கவேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது நீதிமன்றத்துக்குப் போனது. இங்கே எல்லாமே கடைசியில் அங்கேதான் போகிறது.

அந்த ஆசிரியைக்கு வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன். பயிற்சி நின்றுபோகாது, சட்டப்படி அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் எங்கே கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நூலகத்தின் ஒரு மூலை, சாப்பாட்டுக் கூடத்து மேடைக்குப் பின்னால், செவிலியர் இல்லாத நாளில் செவிலியர் அறை. பேசவே கூச்சப்படும் பிள்ளை அங்கே நாலு பேர் கேட்க வாயைத் திறக்குமா?

மேலதிகாரியிடம் பேசினேன். எங்கள் படிவத்தில் அறையின் எண்ணும் பரப்பளவும்தான் இருக்கின்றன, உள்ளே என்ன நடக்கிறது என்று எழுதவும் ஒரு பத்தி வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். "செய்யலாம். ஆனால் அந்தப் பத்தி வந்த மறுநாளே ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வோர் அறைக்கும் ஏதாவது ஒன்றை எழுதிவிடும். அப்புறம் குடோனில் இருக்கும் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பீர்கள்?" என்றார்.

எந்தெந்தப் பள்ளி முதலில் எழுதும் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் அந்தப் பத்தி வேண்டும் என்றுதான் இந்த வருஷமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.