அப்பா ஒரு சாப்பர்

அப்பா ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்தவர். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில்தான் அவருக்கு டிரெயினிங். இந்தப் படைக்காரர்களை ராணுவத்தில் எல்லாரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம். எங்கள் வேலூர் பக்கத்தில் பட்டாளத்துக்காரர்களுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அப்பாவைப் பார்த்தால், "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்றுதான் கேட்பார்கள். "நமக்கு ரோடு போடுற வேலைப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அது எந்த ரோடு என்று எனக்குத் தெரிந்தது எங்கள் கொல்லையில். மண்ணுக்குள் போன தண்ணீர்க் குழாயைத் தேடிக்கொண்டிருந்தோம். நாங்கள் கடப்பாரையை எடுத்தோம். அப்பா மண்டியிட்டு, ஒரு மெல்லிய கம்பியைச் சாய்வாகச் செருகிச் செருகி நகர்ந்தார். "நேராக் குத்தினா கண்ணிவெடியோட தலையில படும். சாய்ச்சுக் குத்தினா பக்கத்துல தட்டும்." அப்புறம்தான் பசந்தர் பேச்சு வந்தது.

1971 டிசம்பர் 15 இரவு, பாகிஸ்தானோடு போர். அந்நாட்டின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்டி நம் காலாட்படை அக்கரையில் இடம் பிடித்துவிட்டது. டாங்கிகள் போய்ச் சேர்ந்தால்தான் அவர்கள் தாக்குப்பிடிக்க முடியும். நடுவில் கண்ணிவெடி நிலம். டாங்கிக்கு வைத்த வெடி ஆள் மிதித்தால் பொதுவாக வெடிக்காது. ஆனால் அதோடு ஆளைக் கொல்லும் சின்ன வெடிகளையும் கலந்து புதைப்பார்கள். இருட்டு, குளிர், தலைக்கு மேல் ஷெல். அப்பாவின் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் அதில்தான் வெடிகளை அகற்றி வழி எடுத்தது. எடுத்த வழிக்கு இரு ஓரமும் அடையாளம் கட்டிக்கொண்டே போக வேண்டும்.

பாதி வழிதான் எடுத்திருந்தார்கள். எதிரி டாங்கிகள் நெருங்குவதாக அக்கரையிலிருந்து செய்தி வந்ததும், பூனா ஹார்ஸ் என்ற டாங்கி ரெஜிமென்ட்டின் டாங்கிகள் மிச்ச நிலத்தில் அப்படியே இறங்கிவிட்டன. "ஓரமா ஒதுங்கி நின்னு, எதுவும் வெடிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டோம்" என்றார் அப்பா.

பூனா ஹார்ஸின் 21 வயது அருண் கேத்ரபால் மறுநாள் சண்டையில் உயிர்விட்டு பரம்வீர் சக்ரா பெற்றார். அவரை நாடே அறியும், அறியத்தான் வேண்டும். கண்ணிவெடி எடுக்கும் வேலையை முன்னின்று நடத்திய மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரியும் அங்கேயே இறந்தார். மகாவீர் சக்ரா. அவர் பெயரை நான் அப்பா சொல்லித்தான் கேட்டேன். "மேஜர் சாப்" என்று ஆரம்பிப்பார், அதற்கு மேல் பேச்சு வராது.

அடுத்த மாதம் அப்பாவின் முதல் நினைவு நாள். சித்தப்பா மகன் ஃபிளெக்ஸ் பேனருக்கு ஒரு மாதிரி அனுப்பியிருந்தான். அப்பா படத்துக்குப் பக்கத்தில் குறிபார்க்கும் துப்பாக்கி. ஆசையாகத்தான் செய்திருக்கிறான். துப்பாக்கியை எடுத்துவிட்டு 1971 போரில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த, அப்பாவின் பஸ்சிமி ஸ்டார் மெடலைப் போடச் சொன்னேன். பெயருக்குக் கீழே இதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்: 'மெட்ராஸ் சாப்பர்ஸ், 9 இன்ஜினியர் ரெஜிமென்ட். 1971, பசந்தரில் டாங்கிகளுக்கு வழி எடுத்தவர்.'