14ஆவது கேள்வி

இரவு ஏழரைக்கு சூம். எங்களுக்கு ஏழரை என்றால் ஜொகன்னஸ்பேர்க்கில் பின்னேரம் நாலு, பிரேசிலின் சல்வடோரில் காலை பதினொன்று. வெள்ளவத்தையில் எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் என்பதால் ரயில் போகிறபோதெல்லாம் மைக்கை நிறுத்திவிடுவேன். அந்தக் கூட்டத்தில் எனக்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆபிரிக்க வம்சாவளியினரைப் பற்றி மூன்று நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு செய்கிறார்கள். அதன் வினாக்கொத்தைத் தமிழாக்குவது, அப்புறம் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. கட்டுரை வந்தால் நன்றியுரையில் பெயர் வரலாம். போன முறை வேறொரு குழுவுக்கு வேலை செய்தபோது அதுவும் வரவில்லை. கட்டுரையை வாசிக்கவும் என்னிடம் டொலரில் காசு கேட்டார்கள். சரி, அது பழைய கதை.

முதல் பதின்மூன்று கேள்விகளும் ஒரே பின்னேரத்தில் முடிந்தன. பதினாலாவதில் மூன்று வாரம் நின்றோம். ஆங்கிலத்தில் அது மிகச் சின்னக் கேள்வி. உங்கள் ‘ரேஸ்’ என்ன?

‘இனம்’ என்று போடலாம்தானே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த நாட்டில் இனம் என்ற சொல் சும்மா வருவதில்லை. இனப்பிரச்சினை, இனக்கலவரம் என்று எதையாவது கூட்டிக்கொண்டுதான் வரும். இனம் என்ன என்று கேட்டால் யாரும் யோசித்துப் பதில் சொல்வதுமில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பனுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறதோ அதைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

பிரேசில்காரர் தங்கள் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தைத் திரையில் காட்டினார். ‘நிறம் அல்லது இனம்’ என்று கேட்டு வெள்ளை, கறுப்பு, மஞ்சள், ‘பார்டோ’, பழங்குடி என ஐந்து கட்டங்கள். பார்டோ என்றால் கலப்பு வம்சாவளியினர். அதை நான் ‘மாநிறம்’ என்று எழுதி வைத்திருந்தேன். 2022 கணக்கெடுப்பில் 45.3 சதவீதம் பேர் அந்தக் கட்டத்தில்தான் புள்ளடி போட்டார்களாம், வெள்ளையரைவிடக் கூட. பார்டோவையும் கறுப்பையும் சேர்த்து ஒரே கணக்காகப் பார்க்க வேண்டும் என்று அங்கே கறுப்பர் இயக்கங்கள் எத்தனையோ காலம் போராடியிருக்கின்றன. அவ்வளவு பெரிய அரசியலை நான் கல்யாணத் தரகரின் குறிப்பு மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். அழித்துவிட்டேன்.

அவரே இன்னொரு கதையும் சொன்னார். நாசிகளின் கொடூரத்துக்குப் பிறகு யுனெஸ்கோ, இன ஒற்றுமைக்கு உதாரணம் காட்டலாம் என்று பிரேசிலைப் பிடித்ததாம். 1950களின் தொடக்கத்தில் பிரெஞ்சு, அமெரிக்க, பிரேசிலிய ஆய்வாளர்கள் சேர்ந்து இறங்கினார்கள். சாவோ பாவ்லோவில் ஃபுளோரெஸ்டான் பெர்னாண்டஸும் ரொஜே பஸ்தீடும் பார்த்த இடமெல்லாம் பாகுபாடுதான். ஒற்றுமையைக் காட்டப் போய் இதுதான் கிடைத்தது என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வெளிநாட்டுக்காரர் யாராவது சாதியைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஆட்களும் ‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்றுதானே சொல்வார்கள்.

அடுத்தது ‘காப்பிரி’. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிராம்பியடியில் இருக்கும் ஆபிரிக்க வம்சாவளியினர் தங்களைச் சொல்லும் பெயர் அது. நான் அதை வாய்விட்டு வாசித்ததும் தென்னாபிரிக்க அக்கா கையை உயர்த்தி, தயவுசெய்து அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்றார். அரபியில் ‘நம்பிக்கையற்றவர்’ என்ற பொருளில் இருந்த சொல்லைப் போர்த்துக்கேயர் கிழக்கு ஆபிரிக்கக் கரையில் எடுத்து, அந்த மனிதர்களையும் சொல்லையும் சேர்த்தே இங்கே கொண்டு வந்தார்கள். அக்காவின் நாட்டில் அது கேட்கக் கூசுகிற வசை. பொலிஸாரை அந்தச் சொல்லால் ஏசியதற்காக ஒரு பெண் 2018இல் சிறைக்கே போனார். இங்கேயோ மஞ்சா என்ற தங்கள் பாரம்பரியப் பாட்டைப் பாடுகிற சிராம்பியடிப் பெண்கள் அதையே தங்கள் பெயராகச் சொல்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் பெயரை நாங்கள் மாற்ற முடியாது என்று கடைசியில் முடிவானது. அக்கா தலையாட்டினார், ஆனால் அன்று பிறகு ஒன்றும் கதைக்கவில்லை.

நான் கூட்டத்தில் சொல்லாத ஒன்று இருக்கிறது. எனக்குச் சுருட்டை முடி, நிறமும் கறுப்பு. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது மாமி சொல்வார்: “தலையை இழு பிள்ளை, காப்பிலி மாதிரி நிக்கிறாய்.” அந்தக் காப்பிலி இந்தக் காப்பிரிதான் என்று நாற்பது வயதில், ரயில் போகட்டும் என்று மைக்கை நிறுத்தியிருந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

இங்கே அடிமைகளாக இருந்தவர்கள் எல்லோரும் ஆபிரிக்கர்களா என்று பிரேசில்காரர் கேட்டார். ஒல்லாந்தர் காலத்து அடிமைகளின் நினைவாக ஆங்கிலத்தில் ‘ஸ்லேவ் ஐலன்ட்’ என்று அழைக்கப்பட்டுவந்த கொழும்பு இடத்தை நாங்கள் கொம்பனித்தெரு என்கிறோம். தமிழ்ப் பெயரில் அடிமையே இல்லை. ஆனால் பிரித்தானியர் 1818 முதல் எழுதிவந்த பதிவேடுகளில் யாழ்ப்பாணத்து அடிமைகள் கோவியர், நளவர், பள்ளர் என்ற சாதியினராக இருக்கிறார்கள். தமிழருக்கு அடிமையாக இருந்த தமிழர். சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது 1844இல். இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க எனக்கு மூன்று தரம் தொண்டையைச் செருமவேண்டி வந்தது.

கடைசியில் இனம், நிறம் இரண்டையும் விட்டுவிட்டு 14ஆவது கேள்வியை இப்படி எழுதினேன்: ‘நீங்கள் உங்களை என்ன பெயரால் சொல்வீர்கள்?’ கீழே கட்டமில்லை, ஒரு வெற்றுக் கோடு மட்டும். ‘நீங்கள் என்ன ஆக்கள்?’ என்றும் ஒரு யோசனை இருந்தது. யாழ்ப்பாணத்தில் அப்படிக் கேட்டால் சாதியைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம், அதனால் வேண்டாம் என்று வெட்டினேன்.

பரீட்சார்த்தமாகக் கேட்டுப் பார்க்கப் போன மாதம் புத்தளம் பஸ் எடுத்தேன். அறுபது கடந்த ஓர் அம்மா, வீட்டில் சிங்களம், என்னோடு நல்ல தமிழ். பிளேன்டீ தந்து, 14ஆவதற்குத் தயங்காமல் “காப்பிரி” என்றார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்:

“நீங்க என்ன ஆக்கள் மகள்?”

“கொழும்பு, அம்மா.”

“அது ஊர்” என்றார்.