மூன்று புகைபோக்கி மேரி

பெரிய கப்பல் என்று பேச்செடுத்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் டைட்டானிக்கில்தான் போய் நிற்பார்கள். முதல் பயணத்தையே முடிக்காத கப்பலுக்கு இவ்வளவு பேர்! திருகோணமலைக்கே வந்துபோன குயின் மேரியை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்பப்பா திருகோணமலைச் சீனக்குடாவில் எண்ணெய் சேமித்துவைக்கும் குதங்களில் வேலை செய்தவர். 1941ல் குயின் மேரியும் குயின் எலிசபெத்தும் ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிக்கொண்டு சூயஸுக்குப் போகிற வழியில் இங்கே தரித்தன. யுத்தகாலம் என்பதால் இரண்டுக்கும் சாம்பல் நிறப் பூச்சு. மூன்று புகைபோக்கி என்றால் மேரி, இரண்டு என்றால் எலிசபெத் என்று அடையாளம் சொல்வார். கப்பலின் அழகைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் வேண்டும் என்பதுதான் அவருக்குப் பெரிய கதை. குதத்து ஆள் அல்லவா!

1,019 அடி நீளமான அந்தக் கப்பல் பாதியிலேயே நின்றுபோயிருக்க வேண்டியது. ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்கில் கட்டிக்கொண்டிருந்தபோது உலகப் பொருளாதாரம் படுத்துவிட்டது. 1931 டிசம்பரில் வேலையை நிறுத்தினார்கள். பெயர்கூட வைக்காத, 534 என்ற இலக்கம் மட்டும் கொண்ட இரும்புக்கூடு இரண்டு வருடத்துக்கு மேல் துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கட்டுவித்த குனார்ட் கம்பனி தன் பழைய போட்டியாளரான வைட் ஸ்டாருடன் சேர்ந்தால்தான் கடன் என்றது பிரிட்டிஷ் அரசு. வைட் ஸ்டார் யார்? டைட்டானிக்கின் சொந்தக்காரர்கள்தான். சரி, சேர்ந்தார்கள், 1936 மே மாதம் மேரி நியூயோர்க்குக்கு முதல் பயணம் புறப்பட்டாள்.

அட்லாண்டிக் கப்பல் என்றதும் எல்லோரும் சரவிளக்கையும் நடன மண்டபத்தையும் நினைக்கிறார்கள். எனக்கென்றால், கீழ்த்தட்டில் மூட்டை முடிச்சோடு அமெரிக்காவுக்குப் பிழைக்கப்போன ஏழைகள்தான் அந்தத் தொழிலுக்குச் சோறு போட்டவர்கள். 1924ல் அமெரிக்கா குடியேற்றத்தைச் சட்டம் போட்டு இறுக்கியதும் அந்த வருமானம் விழுந்தது. கம்பனிகள் அதே தட்டுகளைத் திருத்திச் சுற்றுலாப் பயணிகளைத் தேடின.

1952ல் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற கப்பல் மூன்றரை நாளில் அட்லாண்டிக்கைக் கடந்து சாதனை படைத்தது. 1958ல் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஜெட் பயணிகள் விமானம் வந்தது. அப்புறம் யார் கப்பலுக்குக் காத்திருப்பார்கள்? எலிசபெத் 1972ல் ஹொங்கொங்கில் எரிந்து கவிழ்ந்தது. மேரி இப்போது கலிபோர்னியாவின் லோங் பீச்சில் ஹோட்டலாக நிற்கிறாள். அங்கே போன மருமகன் படம் அனுப்பினான். ஒரு ராத்திரி தங்க எவ்வளவு என்று கேட்டேன், சொன்னான். படமே போதும் என்று விட்டுவிட்டேன்.