குசினியோடு நின்றுவிட்ட போர்த்துக்கேயம்

லிஸ்பனிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் நசரே வந்துவிடும். அலைக்குப் பேர்போன ஊர். கரையை ஒட்டியே கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. அதன் வழியாக வரும் அலை கரைக்கு வந்ததும் எழும்பி நிற்கும். 2020 அக்டோபரில் ஜெர்மன்காரர் செபாஸ்டியன் ஸ்டொய்ட்னர் 86 அடி உயர அலையில் சறுக்கியது இங்கேதான். அந்த மாதிரி ஒன்றைப் பார்த்துவிட வேண்டுமென்று நானும் மனைவியும் லண்டனிலிருந்து புறப்பட்டோம்.

போனது ஜூன் மாதம். பெரிய அலை வருவது மாரிக் காலத்தில். கடல் பண்ணைப் பாலத்தடித் தண்ணீர் போலக் கிடந்தது. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் கொக்கு முழங்கால் நனையாமல் நடக்கும் என்பது தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

தெருவோரத்தில் வயதான பெண்கள் கையில் அட்டை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் அறை வாடகைக்கு உண்டு என்று நான்கு மொழிகளில் எழுதிய அட்டை. ஏழு பாவாடை உடுத்துவது அந்த ஊர்ப் பெண்களின் பழைய வழக்கம். எங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போன அம்மாவும் பல அடுக்கில் உடுத்தியிருந்தார். ஏழுதானா என்று எண்ணிப் பார்ப்பது நாகரிகமில்லை. வாடகையை முன்பணமாகக் கேட்டார். மனைவி என் காதுக்குள், "இந்தப் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டி நாற்பது வருடம் இருந்தார்களே, யாருக்காவது முன்பணம் தந்தார்களா?" என்றாள். 1619 முதல் 1658 வரை. சரியாகப் பார்த்தால் முப்பத்தொன்பது. நான் காசை எண்ணிக் கொடுத்தேன்.

அலை பார்க்க வந்தோம் என்று கையால் பெரிய மலை போட்டுக் காட்டினேன். அந்த அம்மா முகத்தைத் தொங்கப்போட்டு, "கெ பேனா!" என்றார். பதிவேட்டில் எழுதத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினேன். அவர் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அதை வாங்கிச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் நவம்பர் மாதத்தைச் சுற்றி வட்டம் போட்டார். "கெ பேனா" என்றால் "ஐயோ பாவம்" என்று அர்த்தமாம். பேனா திரும்பி வரவில்லை.

அதன் பிறகுதான் எனக்கு உற்சாகம் பிறந்தது. அந்த வீட்டில் அவர் கைகாட்டிய பொருளுக்கெல்லாம் எனக்குப் பேர் தெரிந்திருந்தது. கதிரை, மேசை, யன்னல், வாங்கு, சப்பாத்து, பாண். சமையலறையைக் காட்டி நான் "குசினி" என்றதும் அந்த அம்மா கைதட்டிவிட்டார். என் அப்பாச்சி வாழ்நாளெல்லாம் பேசியது போர்த்துக்கேயம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அன்றுதான் முழுதாக உறைத்தது. இவர் போர்த்துக்கேயம் சரளமாகப் பேசுகிறார் என்று பக்கத்து வீடுகளுக்கும் செய்தி போயிருக்க வேண்டும். இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் போர்த்துக்கேயர் எங்கள் யாழ்ப்பாணத் தமிழுக்கு விட்டுப்போனது எல்லாமே பெயர்ச்சொற்கள். வினைச்சொல் என்று ஒன்றுகூட என் கையில் இல்லை. இது அலுமாரியில் வெளியாயிற்று. கதவு இறுகிக் கிடந்தது. அந்த அம்மா பின்னால் நின்று, "புஷ், புஷ்!" என்றார். ஆங்கிலத்தில் சொல்கிறார் என்று நான் தள்ளினேன். அவர் இன்னும் உரக்கச் சொன்னார். நான் இன்னும் பலமாகத் தள்ளினேன். அலுமாரி சுவரில் போய் முட்டி, மேலிருந்த மாதா சிலை ஆடியது. அவர் என்னை விலக்கிவிட்டு இரண்டு விரலால் கதவை இழுத்துத் திறந்தார். போர்த்துக்கேயத்தில் "புஷ்" என்றால் இழு.

தாகமாக இருந்தபோது "கோப்பை" என்று கேட்டேன். கிளாஸ் வந்தது, விளிம்பு வரை சிவப்பு வைன். தண்ணீருக்கு என்ன சொல்வது என்று அப்பாச்சி சொல்லித் தரவில்லை.

அங்கே கோடையில் பிற்பகலானால் வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும். கடற்கரையில் பெண்கள் மீனைப் பிளந்து கம்பிவலைத் தட்டுகளில் காயவைத்திருந்தார்கள். நம் கருவாடேதான். மனைவி அங்கேயே நின்று ஒவ்வொரு தட்டாக விலை கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் எனக்குத் தடிமன் பிடித்துவிட்டது. வீட்டுக்குள் வரும்போதே ஐந்தாறு தும்மல். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "லேஞ்சி, லேஞ்சி" என்றேன். அந்த அம்மாவுக்குப் புரிந்தது. ஓடிப்போய் அலுமாரியை இழுத்துத் திறந்து, பெரிய கறுப்புத் துணி ஒன்றைக் கொண்டுவந்து என் தலையில் போட்டு, நாடிக்குக் கீழே முடிச்சும் போட்டுவிட்டார். அவர்களுக்கு அந்த ஒரே சொல் கைக்குட்டைக்கும் தலைத்துணிக்கும் பொது. மூக்கு பழையபடியே ஒழுகியது.

அந்தக் கோலத்தில் என்னை வாசல் வாங்கில் உட்காரவைத்து, போவோர் வருவோரிடமெல்லாம் என்னைச் சுட்டிக்காட்டி, "கோன்ஷ்டிப்பாடு!" என்று அறிவித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆங்கிலம் தெரிந்தவனுக்கு அந்தச் சொல் மலச்சிக்கல் என்றுதான் கேட்கும். நான் மூக்கைக் காட்டக் காட்ட அவர்கள் தலையாட்டிப் பரிதாபப்பட்டார்கள். ஒரு பெண் கிண்ணத்தில் சூடாக ஏதோ கொண்டுவந்து குடி என்றார். பேதி மருந்து என்று நினைத்து வாயை இறுக மூடிக்கொண்டேன். மனைவி வாங்கி மோந்து பார்த்து, "எலுமிச்சையும் தேனும்" என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பேரன்தான் ஆங்கிலத்தில் விளக்கினான்: அவர்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குத் தடிமன் என்றே பொருள். அதற்குள் தெருவே நலம் விசாரித்து முடித்திருந்தது.

மூன்றாம் நாள் புறப்பட்டோம். வழிக்கு ஒரு பொட்டலம் கருவாடு கட்டித் தந்தார். பஸ் வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் எங்களைக் காட்டி, "கெ பேனா" என்றார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பேனா அவர் காதில் செருகியிருந்தது.