பணம் கட்டியது நான், விவரம் போனது மகளுடையது

தலைப்பிரசவத்துக்கு மகள் சேலம் வந்திருந்தபோது ஒரு பரிசோதனை நிலையத்தில் ஸ்கேன் எடுத்தோம். பணம் என் கணக்கிலிருந்து போனது. அதே வாரம் அவள் செல்போனுக்கு அழைப்புகள் ஆரம்பித்தன. தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கிறோம் என்றார்கள், காப்பீடு என்றார்கள். "மார்ச்லதானே டெலிவரி மேடம்?" என்று ஒருத்தி கேட்டதும் பிள்ளை பயந்துவிட்டாள்.

எங்களுக்குக் கிடைத்த பிடி ஒரே எழுத்து. பில்லில் அவள் இனிஷியலை 'கே' என்பதற்குப் பதில் 'ஜே' என்று அடித்திருந்தார்கள். விளம்பரமாக வந்த வாட்ஸ்அப் செய்தியிலும் அதே 'ஜே'.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு. ஆனால் அது அரசுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடையாது. இது எனக்கு நியாயமாகவே படவில்லை. வழி கிடைத்தது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில். நம்பிக்கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக அடுத்தவரிடம் கொடுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது பிரிவு 2(47).

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுவைப் பார்த்தவர், "பணம் கட்டினது நீங்க, போன் வந்தது பொண்ணுக்கு. இதுல நுகர்வோர் யாருங்க சார்?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையைப் பெற்றவரும் நுகர்வோரே என்று பிரிவு 2(7) சொல்கிறது. அதனால் மகளை முதல் மனுதாரராகவும் என்னை இரண்டாவதாகவும் போட்டோம். இதே ஸ்கேனை இலவச முகாமில் எடுத்திருந்தால் இந்தக் கதவு திறந்திருக்காது. பில்லைத் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள்.

வக்கீல் கட்டாயமில்லை. சேவைக்குக் கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டுகளோடு, மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கப்படும் சான்றையும் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி வைத்தோம். அது இல்லாமல் போனால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

மனு ஏற்கப்பட்டு நோட்டீஸ் போனது. பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அதற்குமேல் கிடையாது. பதில் வந்துவிட்டது. விவரம் வெளியே போகவே இல்லை என்கிறார்கள். 'ஜே' பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்து நாங்கள் நிரூபண வாக்குமூலம், அதாவது எங்கள் சாட்சியத்தை உறுதிமொழியோடு எழுத்தில், தாக்கல் செய்ய வேண்டும்.