இருபது விநாடிக்கு ஒரு துளி

அணுமின் நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். அதுவரை நான் எழுதிய பழுது அறிக்கைகள் எல்லாம் விளக்கு எரியவில்லை, கதவு சரியாக மூடவில்லை என்ற ரகம்தான். ஒரு சம்பவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை நானே அறிக்கை செய்தது ஒரு நைட் ஷிப்டில்.

அப்போது மணி 2:40. அவசரகால டீசல் ஜெனரேட்டர் அறைக்குள் நுழைந்ததும் டீசல் வாசனை அடித்தது. அங்கே லேசான வாசனை எப்போதும் உண்டு, ஆனால் அன்று தூக்கலாக இருந்தது. எரிபொருள் திரும்பி வரும் குழாயில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு வளையத்தை ஃபிளாஞ்ச் என்போம். அப்படி ஒரு ஃபிளாஞ்சின் கீழ் விளிம்பில் துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. அடுத்தது விழ 20 விநாடி ஆயிற்று. தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அங்கிருந்து தரை வடிகால் வரை மெல்லிய பளபளப்பு.

போல்ட்டை இறுக்கித் துடைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. கை வைத்தால் முதலில் அது எப்படி இருந்தது என்பதும் அழிந்துவிடும். ஒரு தட்டை அடியில் வைத்து, வடிகால் வாயைச் சுற்றி எண்ணெய் உறிஞ்சும் துணியைப் போட்டு, போட்டோ எடுத்துவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன்.

கதிர்வீச்சே இல்லாத டீசலுக்கு இவ்வளவு பரபரப்பு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். உலையை நிறுத்திய மறுகணமும் முழு வெப்பத்தில் 6 அல்லது 7 சதவீதம் வந்துகொண்டேதான் இருக்கும். வெளி மின்சாரம் போய்விட்டால் அந்த வெப்பத்தை வெளியேற்றும் பம்புகள் இந்த ஜெனரேட்டர்களை நம்பித்தான் இருக்கின்றன. 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் சுனாமி தண்ணீர் அங்கிருந்த ஜெனரேட்டர்களை முடக்கியதும் உலைகள் உருகிப்போனது தெரிந்ததே. அதனால் ஷிப்ட் பொறுப்பாளர் கேட்ட முதல் கேள்வி, “இன்னொரு ஜெனரேட்டர் எப்படி இருக்கு, பாருங்க” என்பதுதான். அதில் கசிவு இல்லை. கசிந்ததை அவர் செயல்படாதது என்று அறிவித்தார். எங்கள் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் உலையை நிறுத்தத் தொடங்க வேண்டும். நான் கண்ட நேரத்திலிருந்தே கெடு ஓடும் என்பதால் 2:40 என்று குறித்து வைத்திருந்தது பயன்பட்டது.

அப்புறம் படிவம். விவரம் என்ற கட்டத்தில் “கேஸ்கெட் பழுதானதால் டீசல் கசிவு” என்று எழுதிக் கொடுத்தேன். கேஸ்கெட் என்பது ஃபிளாஞ்ச் இணைப்பில் கசியாமல் இருக்க நடுவே வைக்கும் அடைப்பு வளையம். பொறுப்பாளர் படித்துவிட்டு, “கேஸ்கெட்டை நீங்க பார்த்தீங்களா?” என்றார். பார்க்கவில்லை. “அப்போ பார்த்ததை மட்டும் எழுதுங்க. காரணத்தை நீங்க எழுதிட்டா, நாளைக்கு வர்றவங்க அதை மட்டும்தான் தேடுவாங்க.” மறுபடி எழுதினேன்: எந்த ஃபிளாஞ்ச், எந்தப் பக்கம், எத்தனை விநாடிக்கு ஒரு துளி, தரையில் எவ்வளவு ஈரம், என்ன செய்தேன், என்ன செய்யவில்லை.

இது உபகரண அறிக்கை. சுற்றுச்சூழலுக்குத் தனி அறிக்கை, தனிக் கெடு. தரை வடிகால் வெளியே இருக்கும் எண்ணெய் பிரிப்புத் தொட்டிக்குப் போகிறது, அங்கிருந்து மழைநீர்க் கால்வாய்க்கு. தொட்டியின் வெளிவாயில் வால்வை மூடிவிட்டு, சுற்றுச்சூழல் பிரிவு அதிகாரியை எழுப்பினோம். வெளியே போகவில்லை என்று உறுதியாகும் வரை போயிருக்கலாம் என்றே வைத்துப் பேசச் சொன்னார். வால்வுக்கு முன்னும் பின்னும் கால்வாயிலுமாக மூன்று இடங்களில் மாதிரி எடுத்தோம். கண்ணாடிப் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். பாட்டிலை அந்தத் தண்ணீரால் அலசவும் கூடாது, அப்போதும் எண்ணெய் சுவரில் ஒட்டிக் கணக்கு தப்பிவிடும்.

எவ்வளவு கொட்டியது என்ற கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 20 விநாடிக்கு ஒரு துளி என்றால், தாராளமாக வைத்தாலும் மணிக்கு 9 மில்லிலிட்டர். ஆனால் தொட்டியின் பரப்பு 2 சதுர மீட்டர், மேலே மிதந்த படலம் 3 மில்லிமீட்டர். அதாவது 6 லிட்டர். அந்தத் துளி வேகத்தில் 6 லிட்டர் சேர கிட்டத்தட்ட 28 நாள் ஆகும். ஷிப்டுக்கு ஒருமுறை ஆள் போகிற அறையில் அது யார் கண்ணிலும் படாமல் நடக்காது. இரண்டு கணக்கையும் அப்படியே எழுதி, ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றும் எழுதினேன்.

காலையில் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் விசாரணை போனது. முந்தின நாள் மாதாந்திரச் சோதனைக்காக ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. ஓடும்போது குழாயில் அழுத்தம், அப்போதுதான் நன்றாகக் கசிந்திருக்கிறது. அப்போது அங்கே நின்ற சக ஆபரேட்டர், “வாசனை வந்துச்சு. டீசல் ஓடும்போது வரும்னு விட்டுட்டேன்” என்று தானாகவே வந்து சொன்னார். யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அவர் சொன்னதும் அறிக்கையில் சேர்ந்தது. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. கடிந்திருந்தால் அடுத்த முறை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

பொறுப்பாளர் அன்று டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் 1977 செப்டம்பரில் அங்கே ஒரு நிவாரண வால்வு, அதாவது அழுத்தம் கூடினால் திறந்து குறைக்கும் வால்வு, மூடாமல் திறந்தபடி சிக்கிக்கொண்டு உலையைக் குளிர்விக்கும் தண்ணீரை வெளியே விட்டது. ஆபரேட்டர்கள் சுமார் 20 நிமிடத்தில் கண்டுபிடித்து அடைத்துவிட்டார்கள். அந்தப் பாடம் அதே வகை உலைகளை ஓட்டிய மற்றவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. 18 மாதம் கழித்து, 1979 மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அதே மாதிரி வால்வு சிக்கியது. அதை அடைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, உலையின் மையம் பாதி உருகிப்போனது.

ஃபிளாஞ்சைப் பிரித்தபோது கேஸ்கெட் நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்துக்கான அளவு அல்ல. போன பராமரிப்பில் மாறிப் போயிருக்கிறது. நான் முதலில் எழுதியபடி விட்டிருந்தால், பழையதை எடுத்து அதே அளவில் புதியதைப் போட்டிருப்பார்கள். கிடங்குப் பதிவைப் பார்த்ததில், கசியாத இரண்டாவது ஜெனரேட்டருக்கும் அதே அளவுதான் போயிருந்தது. முதலாவது தயாரானதும் அதையும் மாற்றினார்கள். கால்வாய் மாதிரியில் எண்ணெய் இல்லை என்று மூன்றாம் நாள் முடிவு வந்தது.

அடுத்த மாதச் சோதனையில் அந்த ஃபிளாஞ்சின் பக்கத்தில் டார்ச்சோடு நின்றேன். பதிவேட்டில் எழுதியது இது: 1 மணி நேரம் முழுச் சுமையில் ஓடியது, ஃபிளாஞ்சின் கீழ் விளிம்பைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன், காகிதம் உலர்ந்தே இருந்தது.